அடிக்கு ஒத்திகை: நாஷ்வில் மாணவர்கள் தங்களைத் தயார் செய்துகொண்ட விதம்

1960 பிப்ரவரி 27, சனிக்கிழமை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகர் நாஷ்வில்லில், கடைத்தெருவின் பெரிய கடைகளுக்குள் உட்கார்ந்து சாப்பிட இருந்த லஞ்ச் கவுன்ட்டர்களில் கறுப்பின மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளையர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட ஸ்டூல்கள் அவை. சுற்றி நின்ற வெள்ளை இளைஞர்கள் திட்டினார்கள், துப்பினார்கள், எரியும் சிகரெட்டை உடம்பில் அழுத்தினார்கள், ஸ்டூலிலிருந்து இழுத்துக் கீழே போட்டு உதைத்தார்கள். போலீஸ் வந்தது. கைதானவர்கள் அடித்தவர்கள் அல்ல, அடி வாங்கியவர்கள்தான். சுமார் 80 பேர். ஒரு வரிசையை வெளியே கூட்டிக்கொண்டு போனதும் அடுத்த வரிசை வந்து அதே ஸ்டூல்களில் உட்கார்ந்தது. அந்த வரிசையும் கைதானது. இன்னொரு வரிசை வந்தது. யாரும் திருப்பி அடிக்கவில்லை.

பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள். அந்த வயதில் ஒருவன் தோளில் கை வைத்துத் தள்ளினாலே நம் கை தானாக ஓங்கும். இவர்களால் எப்படி முடிந்தது என்று கேட்டால், காந்தி, ஏசு, கொள்கை, தைரியம் என்று பதில் வரும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் அந்த மாணவர்கள் செய்த வேலையையே மறைத்துவிடுகிறோம் என்பது என் எண்ணம். அவர்கள் மாதக்கணக்கில் ஒரு தேவாலயத்தில் கூடி, ஒருவரையொருவர் திட்டி, தள்ளி, முகத்தில் புகை ஊதி, அந்தச் சனிக்கிழமையை முன்கூட்டியே நடித்துப் பார்த்திருந்தார்கள். கொள்கையை உடம்புக்குள் இறக்கியது அந்த ஒத்திகைதான்.

நாக்பூர் வழியாக வந்த ஆசிரியர்

அந்தப் பயிற்சிப் பட்டறைகளை நடத்தியவர் ஜேம்ஸ் லாசன். 1928-இல் பிறந்த மெதடிஸ்ட் போதகர். ஒஹாயோவில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது தன்னை இழிசொல்லால் அழைத்த ஒரு வெள்ளைக் குழந்தையை அறைந்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னார். "அதனால் என்ன நன்மை கிடைத்தது?" என்று அம்மா கேட்டதைக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். கொரியப் போருக்குப் படையில் சேர மறுத்துச் சிறை சென்றார். அப்புறம் 1953-இல் இந்தியாவுக்கு வந்து நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்றாண்டுகள் இருந்தார். காந்தியின் போராட்டங்களில் பங்கெடுத்தவர்கள் நாடு முழுக்க இருந்த காலம் அது. சத்தியாகிரகத்தை நல்லெண்ணமாக மட்டும் பார்க்காமல், திட்டமிட்டு, ஆளைத் தேர்ந்தெடுத்து, படிப்படியாக நடத்த வேண்டிய செயல்முறையாக அவர் பார்க்கத் தொடங்கியது இங்கேதான். அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரியில், நிறம் பார்த்து உட்கார வைப்பதை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் இருந்த புறக்கணிப்புச் செய்தியை நாக்பூரில் இருந்தபோதே நாளிதழில் படித்தார்.

அமெரிக்கா திரும்பிப் படித்துக்கொண்டிருந்த லாசன் 1957-இல் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தபோது, படிப்பு முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே தென் மாநிலங்களுக்கு வரச் சொன்னார் கிங். லாசன் நாஷ்வில்லுக்குக் குடிபெயர்ந்து, வாண்டர்பில்ட் பல்கலைக்கழக இறையியல் பள்ளியில் சேர்ந்தார். போதகர் கெல்லி மில்லர் ஸ்மித்தின் தலைமையில் இயங்கிய கிறித்தவத் தலைவர்கள் அமைப்போடு சேர்ந்து பட்டறைகளைத் தொடங்கினார். 1959 இலையுதிர் காலத்தில் கிளார்க் மெமோரியல் மெதடிஸ்ட் தேவாலயத்தில் வாராவாரம் கூட்டம் நடந்தது. முதலில் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். டயான் நாஷ், ஜான் லூயிஸ், பெர்னார்ட் லாஃபயெட், ஜேம்ஸ் பெவல், மரியன் பாரி என்று பின்னாளில் அமெரிக்க வரலாற்றில் இடம் பிடித்த பெயர்கள் அந்தச் சிறு கூட்டத்தில் இருந்தன.

லஞ்ச் கவுன்ட்டரைத் தேர்ந்தெடுத்ததில் ஊர்ப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பொருள் வாங்க வரலாம், காசு கொடுக்கலாம், ஆனால் குழந்தை பசிக்கிறது என்றால் உட்கார வைத்து ஒரு வாய் ஊட்ட இடமில்லை என்று அவர்கள் சொன்னார்கள். பயிற்சிக்கு இது முக்கியம். "இனவெறியை எதிர்ப்போம்" என்று சொன்னால் எதை ஒத்திகை பார்ப்பது? ஸ்டூலில் உட்கார்ந்து காபி கேட்பதை ஒத்திகை பார்க்க முடியும்.

மாண்ட்கமரியில் ஒரு முன்னோட்டம்

நடித்துப் பழகும் இந்த முறையை லாசன் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சமூகச் சிக்கல்களை நடித்துப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வழியை ஜேக்கப் மோரெனோ என்ற மனநல மருத்துவர் முன்பே வகுத்திருந்தார். அமைதி இயக்கத்தினர் அதைத் தங்கள் பயிற்சிகளில் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

1956 டிசம்பரில் மாண்ட்கமரி பேருந்துகளில் கறுப்பினத்தவர் விரும்பிய இடத்தில் உட்காரலாம் என்று நீதிமன்ற ஆணை நடைமுறைக்கு வரவிருந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் அங்குள்ள தேவாலயங்களில் நடந்ததைக் கிங் எழுதியிருக்கிறார். பீடத்துக்கு முன்னால் நாற்காலிகளைப் பேருந்து போல வரிசையாகப் போட்டார்கள். கூட்டத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு, ஒருவர் ஓட்டுநர், சிலர் வெள்ளைப் பயணிகள், சிலர் கறுப்பினப் பயணிகள் என்று பாத்திரம் கொடுத்தார்கள். காட்சி முடிந்ததும் எல்லோரும் அதைப் பற்றிப் பேசினார்கள். வெள்ளையராக நடித்தவர் சில சமயம் ஆவேசப்பட்டு எல்லை மீறிவிடுவார், அவரை அடக்க வேண்டியிருக்கும். கறுப்பினப் பயணியாக நடித்தவர் அகிம்சையை மறந்து திருப்பி வெளுத்துவிடுவதும் அடிக்கடி நடந்தது. அப்போதெல்லாம் நிறுத்தி, வேறு என்ன சொல்லியிருக்கலாம், எப்படி நடந்திருக்கலாம் என்று திருத்தினார்கள்.

ஓராண்டுக்கும் மேலாகப் பேருந்தில் ஏறாமலே வேலைக்குப் போய், அகிம்சையைக் காத்த மக்கள் இவர்கள். இவர்களுக்கே, நாலு நாற்காலி போட்டு ஒருவர் வாய்விட்டுத் திட்டியதும் கை நீண்டுவிட்டது. கூட்டமாக நின்று அகிம்சை காப்பது ஒன்று, முகத்துக்கு நேராக ஒருவன் கேவலப்படுத்தும்போது காப்பது வேறொன்று. இரண்டாவதற்குத் தனிப் பயிற்சி வேண்டியிருந்தது.

பட்டறைக்குள்

நாஷ்வில் பட்டறைகளில் பாதி நேரம் படிப்பும் விவாதமும். காந்தி, விவிலியம், சட்டமறுப்பு பற்றி எழுதிய தோரோ, நாஜி ஆட்சியை எதிர்த்தவர்கள் என்று பலதும் பேசினார்கள். மீதி நேரம் நாற்காலிகள் கவுன்ட்டராகிவிடும். சிலர் உட்கார்வார்கள், சிலர் பின்னால் நின்று ரவுடிகளாக மாறுவார்கள். தெருவில் கேட்கும் அதே கெட்ட வார்த்தைகள். முகத்தில் சிகரெட் புகை. பின்னாலிருந்து நாற்காலியைத் தள்ளிக் கீழே விழ வைப்பது. திட்டுகிறவரும் பெரும்பாலும் இன்னொரு கறுப்பின மாணவர்தான், பக்கத்து விடுதி நண்பர்தான். ஆனாலும் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் ரத்தம் கொதிக்கும் என்பதுதான் பயிற்சியின் அடிப்படை.

உடம்புக்கான பாடங்கள் துல்லியமாக இருந்தன. கீழே தள்ளப்பட்டால் முழங்காலை வயிற்றோடு மடக்கிச் சுருண்டுகொள்ள வேண்டும். கைகளால் தலையை மூடிக்கொள்ள வேண்டும். முடிந்தவரை அடிப்பவன் கண்ணைப் பார்க்க வேண்டும். ஒருவர் மீது மட்டும் அடி குவிந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் இடையில் புகுந்து தங்கள் உடம்பில் அந்த அடியைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசிப் பாடத்தை நான் பல முறை யோசித்திருக்கிறேன். தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பது எளிது. நண்பன் அடிபடும்போது, அடிப்பவன் மீது பாயாமல் நண்பன் மீது பாய்ந்து மூடுவதற்கு எவ்வளவு பழக்கம் வேண்டும்! அந்த ஒரு கணத்தில் யோசிக்க நேரம் இருக்காது. உடம்பு எதைப் பலமுறை செய்திருக்கிறதோ அதைத்தான் செய்யும்.

பிறகு பாத்திரத்தை மாற்றுவார்கள். உட்கார்ந்தவர் ரவுடியாவார், ரவுடி உட்கார்வார். ரவுடியாக நடிப்பவருக்குச் சீக்கிரமே ஒன்று புரிந்துவிடும்: எதிராளி கோபப்பட்டால்தான் இவருக்கு அடுத்த அடி எளிதாக வரும். அவர் அமைதியாகத் திரும்பிப் பார்த்தால் கையில் இருக்கும் வேகம் எங்கே போவதென்று தெரியாமல் தடுமாறும். இதைப் புத்தகத்தில் படிக்கலாம், மேடையில் கேட்கலாம். ஆனால் தானே ரவுடியாக நின்று, தன் வேகம் குறைவதைத் தானே உணர்ந்தவர் மறுபடி ஸ்டூலில் உட்காரும்போது, எதிரில் நிற்பவன் அவருக்கு மிருகமாகத் தெரிய மாட்டான். எதிரியையும் மனிதனாகப் பார் என்ற போதனைக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் எனக்குத் தெரியவில்லை.

எல்லோராலும் முடியவில்லை. என்னால் திருப்பி அடிக்காமல் இருக்க முடியாது என்று ஒத்திகையிலேயே உணர்ந்தவர்கள் உண்டு. அவர்களை யாரும் கோழை என்றோ துரோகி என்றோ சொல்லவில்லை. வண்டி ஓட்டவும் தொலைபேசியில் தகவல் சொல்லவும் சாப்பாடு ஏற்பாடு செய்யவும் ஆள் தேவைப்பட்டது. ஒருவருக்குத் தன் எல்லை எது என்று கடைத்தெருவில், கும்பலுக்கு நடுவில் தெரியவருவதைவிட நண்பர்கள் மத்தியில் தெரியவருவது எவ்வளவோ மேல். பயிற்சியின் பயன் என்று பேசும்போது இதைப் பலரும் சேர்ப்பதில்லை. ஆள் பிரிக்கும் வேலையையும் ஒத்திகை செய்தது, யாரையும் அவமானப்படுத்தாமல் செய்தது.

சிறிய சோதனை, பெரிய சோதனை

பட்டறையிலிருந்து நேராகக் கும்பலுக்குள் குதிக்கவில்லை. 1959 நவம்பர் 28 அன்று ஒரு சிறு குழு ஹார்வீஸ் என்ற கடைக்குப் போய், சில பொருள்கள் வாங்கிவிட்டு, கவுன்ட்டரில் உட்கார்ந்து உணவு கேட்டது. மறுத்தார்கள். மேலாளரிடம் பணிவாகக் காரணம் கேட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். டிசம்பர் 5 அன்று கெயின்-ஸ்லோன் கடையிலும் அதே மாதிரி. இரண்டு தடவையும் திரும்பி வந்து, யார் என்ன சொன்னார், நாம் என்ன சொன்னோம், எங்கே தடுமாறினோம் என்று உட்கார்ந்து பேசினார்கள். நாடகத்துக்கும் உண்மைக்கும் நடுவே ஒரு படிக்கட்டு போட்டது இது.

1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள் தாங்களாகவே ஒரு கவுன்ட்டரில் உட்கார்ந்து செய்தியானதும், நாஷ்வில்லில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் நாங்களும் வருகிறோம் என்று திரண்டார்கள். மாதக்கணக்கில் பழகியவர்கள் கையளவு, புதியவர்கள் ஏராளம். பழையவர்கள் புதியவர்களுக்கு அவசரப் பயிற்சி கொடுத்தார்கள். பிப்ரவரி 13, பனி கொட்டிக் கிடந்த நாளில், 124 பேர் நல்ல உடை உடுத்தி, கையில் பாடப் புத்தகத்தோடு க்ரெஸ், வுல்வொர்த், மெக்லெல்லன் கடைகளுக்கு நடந்தார்கள். இரண்டு மணி நேரம்போல உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த நாள்களில் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது.

27-ஆம் தேதி தாக்குதல் நடக்கும், போலீஸ் ஒதுங்கி நிற்கும் என்று முன்பே தகவல் கசிந்திருந்தது. லூயிஸும் லாஃபயெட்டும் சேர்ந்து விதிகளை எழுதி, சைக்ளோஸ்டைல் பிரதிகளாக எல்லோருக்கும் கொடுத்தார்கள். திட்டினாலும் அடித்தாலும் திருப்பித் திட்டாதே, அடிக்காதே. சத்தமாகச் சிரிக்காதே. தலைவர் சொல்லும்வரை இருக்கையை விட்டு எழாதே. கடை வாசலையும் நடைவழியையும் மறிக்காதே. எப்போதும் மரியாதையாக இரு. நிமிர்ந்து, கவுன்ட்டரைப் பார்த்து உட்கார். ஏசு, காந்தி, கிங் ஆகியோரின் போதனைகளை நினைவில் வை. ஏறக்குறைய எல்லா விதியும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய செயல். "தைரியமாக இரு" என்று ஒரு விதி இல்லை. நிமிர்ந்து உட்கார் என்று இருந்தது. பயம் வந்தாலும் நிமிர்ந்து உட்கார முடியும்.

பயம் இருக்கத்தான் செய்தது. சிகாகோவில் வளர்ந்து ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்த டயான் நாஷ், போராட்ட நாள்களில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளங்கை வியர்வையில் நனைந்துவிடும் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் கதை இந்த ஆய்வுக்கு ரொம்ப முக்கியம். பட்டறைக்கு வந்தபோது அகிம்சை பலிக்கும் என்று அவர் நம்பவில்லை. ஊரில் வேறு யாரும் எதுவும் செய்யவில்லை என்பதால்தான் வந்தார். செய்து, செய்ததன் பலனைப் பார்த்துத்தான் நம்பினார். நம்பிக்கை வந்த பிறகு செயல் என்ற வரிசை அவர் விஷயத்தில் தலைகீழாக நடந்தது.

அந்த நாள்களில் லாசனுக்கே ஒரு சோதனை வந்தது. கறுப்புத் தோல் ஜாக்கெட் போட்ட ஒரு வெள்ளை இளைஞன் அவர் முகத்தில் துப்பினான். லாசன் அவனிடமே கைக்குட்டை கேட்டார். அவன் திகைத்துப்போய் எடுத்துக் கொடுத்தான். முகத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்த லாசன், உன்னிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறதா என்று விசாரித்தார். வண்டியில் என்னென்ன மாற்றங்கள் செய்திருக்கிறான் என்று இருவரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். அதற்குள் பக்கத்தில் அடிபட்டுக்கொண்டிருந்த மாணவர் எழுந்து நகர முடிந்தது. இதை யாரும் லாசனுக்கு வசனமாக எழுதிக் கொடுக்கவில்லை. நல்ல ஒத்திகை ஒருவரை மனப்பாடக்காரராக ஆக்குவதில்லை. பதற்றத்தைக் குறைத்து, அந்த இடத்தில் புதிதாக யோசிக்க இடம் கொடுக்கிறது. அதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை.

கேட்பதும் நடிப்பதும்

கேட்டால் மாறாதது நடித்தால் ஏன் மாறுகிறது? 1965-இல் இர்விங் ஜானிஸ், லியோன் மேன் என்ற உளவியலாளர்கள் புகைபிடிக்கும் இளம்பெண்களிடம் செய்த ஒரு சோதனை இங்கே உதவும். ஒரு பிரிவினர், நுரையீரல் புற்றுநோய் இருப்பதாக மருத்துவர் சொல்லும் நோயாளியாக நடித்தார்கள். மறு பிரிவினர் அப்படி ஒரு நடிப்பின் ஒலிப்பதிவைக் கேட்டார்கள். இரு பிரிவுக்கும் கிடைத்த தகவல் ஒன்றுதான். நடித்தவர்கள் புகைபிடிப்பதைக் கூடுதலாகக் குறைத்தார்கள். மாதங்கள் கழிந்து விசாரித்தபோதும் அந்த வித்தியாசம் இருந்தது. கரையில் நின்று நீச்சல் வகுப்பு கேட்பவருக்கும் தண்ணீரில் இறங்கியவருக்கும் உள்ள தூரம் இது.

இதனால்தான், மேடையில் ஒருவர் பேச மற்றவர்கள் குறிப்பெடுத்துக் கலையும் பயிற்சிகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நடத்தை மாற வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்த நடத்தையை ஒரு தடவைகூடச் செய்து பார்க்க விடாமல் அனுப்புகிறோம். அதேபோல், வெறும் நாடகம் போட்டுவிட்டு எழுந்து போவதும் அரைவேலை. காட்சிக்குப் பிறகு என்ன தோன்றியது, எங்கே கை நீண்டது, வேறெப்படிச் செய்யலாம் என்ற பேச்சும், உடனே இன்னொரு முறை செய்து பார்ப்பதும் இல்லையென்றால் தவறான பழக்கம்தான் ஊறும்.

ஒத்திகையின் எல்லை

நாஷ்வில் வெற்றியை முழுக்கப் பயிற்சியின் கணக்கில் எழுத முடியாது. கைதானவர்கள் 50 டாலர் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். மார்ச் தொடக்கத்தில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் லாசனை வெளியேற்றியது. ஊரின் கறுப்பினக் குடும்பங்கள் ஈஸ்டர் சமயத்தில் அந்தக் கடைத்தெருவையே புறக்கணித்தன. கடைக்காரர்களைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்ததில் அந்தப் புறக்கணிப்புக்குப் பெரும்பங்கு உண்டு. ஏப்ரல் 19 அதிகாலையில் மாணவர்களின் வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தது. அவரும் மனைவியும் உயிர் தப்பினார்கள். அன்றே ஆயிரக்கணக்கானோர் மாநகராட்சி அலுவலகம் வரை பேச்சில்லாமல் நடந்தார்கள். அங்கே டயான் நாஷ் மேயர் பென் வெஸ்டிடம், நிறத்தைக் காட்டி ஒருவரைப் பிரிப்பது சரியா என்று நேராகக் கேட்டார். சரியில்லை என்று மேயர் ஒப்புக்கொண்டார்.

உயிருக்கே உலை வைக்கும் வன்முறையின் முன் ஒத்திகை கவசமாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1964 ஜூனில், கறுப்பினத்தவரை வாக்காளர்களாகப் பதிவு செய்ய உதவ மிசிசிப்பிக்குப் போகும் தன்னார்வலர்களுக்கு ஒஹாயோவின் ஆக்ஸ்ஃபோர்டு ஊரில் இதே மாதிரிப் பயிற்சி நடந்தது. கும்பல் தாக்குவதை நடித்துப் பழகினார்கள். அங்கிருந்து சென்ற ஆண்ட்ரூ குட்மேன், ஜேம்ஸ் சேனி, மைக்கேல் ஷ்வெர்னர் மூவரும் ஜூன் 21 இரவு கொல்லப்பட்டார்கள். எந்த ஆபத்துக்கு எந்தப் பயிற்சி என்று பிரித்துப் பார்க்காவிட்டால், பழகியிருக்கிறோம் என்ற நினைப்பே ஆளைச் சிக்க வைத்துவிடும்.

கடைக்காரர்களும் பழகினார்கள்

அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. மே மாதம் கடைக்காரர்களும் போராட்டத் தலைவர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், நாளையிலிருந்து எல்லோரும் வரலாம் என்று அறிவிப்பு போடவில்லை. கடைக்காரர்களுக்கு முன்பே தெரிந்த நாளில், சிறு சிறு குழுவாகக் கறுப்பின வாடிக்கையாளர்கள் வந்து உணவு கேட்பார்கள். அதற்கு முன் மேலாளர்கள் தங்கள் ஊழியர்களைத் தயார்படுத்துவார்கள். கொஞ்ச காலம் இப்படிக் கட்டுப்பாட்டோடு நடந்த பிறகு முழுமையாகத் திறந்துவிடுவார்கள் என்பதுதான் ஏற்பாடு. 1960 மே 10 அன்று ஆறு கடைகளில் முதல் முறையாகக் கறுப்பின வாடிக்கையாளர்களுக்குப் பரிமாறினார்கள். அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை.

மாணவர்கள் நவம்பரிலும் டிசம்பரிலும் செய்த சிறு சோதனைகளும் இதுவும் ஒரே அச்சு. இம்முறை பழக வேண்டியவர்கள் எதிர்ப்பக்கம் இருந்தார்கள். கறுப்பினப் பெண்மணி ஒருவருக்கு முன்னால் தட்டை வைத்து, வேறென்ன வேண்டும் என்று கேட்கப் பழகாத கைகள் அவை. ஊழியர்களின் மனம் மாறட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. பரிமாறத் தொடங்கினார்கள், நாளாவட்டத்தில் அது அன்றாட வேலையானது.

ஆறு கவுன்ட்டர்கள் திறந்தன, அவ்வளவுதான். நாஷ்வில்லின் உணவகங்களும் திரையரங்குகளும் பழையபடியே இருந்தன. 1961 பிப்ரவரியில் மாணவர்கள் திரையரங்க வாசல்களில் வரிசையில் நின்றார்கள். டிக்கெட் கேட்பார்கள், மறுத்ததும் திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்று மறுபடி கேட்பார்கள். இங்கேயும் முட்டையும் கல்லும் வந்து விழுந்தன. மே மாதத்தில், பேருந்துகளில் நிறப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து போன விடுதலைப் பயணங்கள் அலபாமாவில் கும்பல் தாக்கியதால் பாதியில் நின்றபோது, நாங்கள் தொடர்கிறோம் என்று டயான் நாஷ் ஆள் திரட்டி அனுப்பியது நாஷ்வில்லிலிருந்துதான். புறப்பட்டவர்களில் சிலர் கிளம்பும் முன் உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.